கடைய மூடுறதுக்கு நல்ல நாள்

வா மருமகனே, இப்படி இஸ்தோப்புல உக்காரு. கடைய மூடப் போறியாமே! பெரட்டுக் களத்துல இருந்து கோயிலடி வரைக்கும் அதே பேச்சு. நல்ல காரியம். தொறக்க நாள் பாத்துக் குடுத்த பூசாரியே மூடவும் நாள் பாத்துத் தருவார், தட்சணைய மட்டும் ரொக்கமா வை. எனக்கு ஒரே ஒரு கொறைதான். இவ்வளவு காலம் இழுத்தடிச்சா மூடுறது? முன்னாடியே மாமன்கிட்ட வந்திருந்தா சுருக்கா மூட வழி சொல்லியிருப்பேன். பரவாயில்ல, பாதி வழிய நீயாவே கண்டுபுடிச்சிருக்க. கெட்டிக்காரன்.

மொத வேலையா அந்த போர்டு மாட்டுன பாரு, 'இன்று ரொக்கம், நாளை கடன்'னு. அதப் படிச்சிட்டு மறுநாள் காலையிலயே மேட்டு லயத்துக் கெழவி கடன் கேட்டு வந்தாளாம், நீ போர்டக் காட்டினியாம், அவளும் போர்டத்தான் காட்டினாளாம். புளத்கொகுபிட்டியவுல தோட்டத்து ஓரமா கடை போட்டுட்டு ரொக்க யாவாரம் பண்ற மொத ஆள் நீதான்யா. கொழுந்து எடுக்கிறவளுக்கும் பால் வெட்டுறவனுக்கும் 10-ந் தேதி வாக்குல சம்பளம், நடுவுல ஒரு அட்வான்ஸ். மத்த நாள்ல அவங்க கையில இருக்கிறது பால் கறை மட்டும்தான். அந்தக் கைக்கு ரொக்கத்துக்கு மட்டும் விக்கணும்னா நீ கொழும்புல பேங்க் வாசல்ல கடை போட்டிருக்கணும்.

கடன் குடுத்தா திரும்ப வரலங்கிற. வராது. ஏன் வரலன்னு கணக்குப் போட்டியா? 2021 மார்ச்சுல நாள் சம்பளம் 1000 ரூவா ஆச்சு. கேக் வெட்டிக் கொண்டாடினோம். அடுத்த வருசம் 2022 செப்டம்பர்ல சாப்பாட்டுச் சாமான் வெல ஒரு வருசத்துக்குள்ள 94.9 சதவீதம் ஏறியிருக்குன்னு அரசாங்கமே சொல்லிச்சு. அதாவது ரெண்டு மடங்குக்கு ஒரு முழம்தான் கொறை. சம்பளம்? அதே 1000. கம்பெனிக்காரங்க கோர்ட்டு, கெசட்டுன்னு இழுத்து, 2024 செப்டம்பர்லதான் 1350 ஆச்சு. மூணரை வருசம் அந்த ஆயிர ரூவாத் தாளு மெலிஞ்சு மெலிஞ்சு வந்து உன் கல்லாப் பெட்டியிலதான் விழுந்துச்சு. நீ என்னமோ லயத்து ஆளுங்க எல்லாரும் கூட்டம் போட்டு உன்ன ஏமாத்துறதா நெனைச்சுக்கிட்டு இருக்க.

கடன் குடுக்கத் தெரியணும் மருமகனே. ஆளோட மொகத்தப் பாத்துக் குடுக்கிற நீ. நான் வானத்தப் பாத்துக் குடுப்பேன். மூணு நாள் விடாம பேஞ்சா ரப்பர்ல பால் வெட்டு இல்ல, பேரு விழாது, அதாவது அன்னிக்கு நாள் கணக்கு இல்ல. அந்த வீட்டுக் கணக்குல டின்மீனுக்குப் பதிலா நெத்தலி எழுதணும். அதே மழைக்குத் தேயிலை துளிர்க்கும், கொழுந்துக்காரிக்குக் கிலோ கூடும், அவ வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் சேத்தே குடுக்கலாம். மாசம் 20 ஆனா அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் எத்தன பேருன்னு சும்மா பேச்சுவாக்குல கேட்டு வச்சுக்கணும். அதுதான் அவங்க கடனுக்கு எல்லை. இதுக்குக் கம்பியூட்டர் வேணாம், காது வேணும். உன் காதுலதான் எப்பவும் வயர் தொங்குதே.

கொப்பியில ஏறின எல்லாக் கணக்கும் வசூலாகும்னும் நெனைக்காத. 2016 மே மாசத்து மழையில நம்ம பக்கத்துக் களுபஹன தோட்டத்துல மண்ணு சரிஞ்சு லயத்த மூடிருச்சு. அந்த லயத்துக் கணக்கு என் கொப்பியில சில பக்கம் இருந்துச்சு. நான் அதக் கூட்டிப் பாக்கல. சரி, அத விடு.

உன் கடைப் பேரு என்ன? 'மினி சூப்பர் சென்டர்'. மினியும் இருக்கு, சூப்பரும் இருக்கு, நடுவுல சீனி மட்டும் இல்ல. அதுக்குள்ள ஒரு ஐஸ்கிரீம் பெட்டி வேற, மாசத் தவணையில. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனாங்களே, அன்னிக்கு உன் கடையில சின்னப் பிள்ளைங்க எல்லாம் ஐஸ்கிரீமைக் கிளாசுல ஊத்திக் குடிச்சதுக. தருமம் பண்ணின புண்ணியம் உனக்கு. அதே வாரம் எதிர்க்கடை சிங்கள மொதலாளி குப்பி லாம்பும் திரியும் வித்தே அரிசி மூட்டை எறக்கினார். ஆகஸ்ட்டுல மண்ணெண்ணெய் லீட்டர் 87-ல இருந்து 340-க்குப் பாஞ்சப்ப, லாம்ப விட்டுட்டு மெழுகுதிரிக்கு மாறினார். மனுசன் இருட்ட வச்சே பொழைச்சார்யா. நீ வெளிச்சத்துக்குத் தவணை கட்டுன.

பேங்குல லோன் தரலன்னு அப்ப எவ்வளவு அழுத! இப்ப யோசி. 2022 ஏப்ரல் 8-ந் தேதி மத்திய வங்கி ஒரே வீச்சுல வட்டிய 7 சதவீதப் புள்ளி தூக்குச்சு. டவுனுல கல்லுக் கட்டடத்துல யாவாரம் பண்ணினவங்க காணி உறுதிய அடகு வச்சு லோன் எடுத்துட்டு முழி பிதுங்கி நின்னாங்க. 1990-ல வந்த ஒரு சட்டம் இருக்கு, 'பராட்டே'ம்பாங்க. கோர்ட்டுப் படி ஏறாமலே பேங்கே சொத்த ஏலம் போடலாம். சின்ன மொதலாளிமார் கத்திக் கத்தித்தான் அத 2025 மார்ச் வரைக்கும் நிப்பாட்டி வச்சாங்க. உனக்கு அந்தப் பயமே கெடையாது. லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? நம்மளுக்கு நூத்தம்பது வருசமா ஒரு துண்டுக் காணி எழுதிக் குடுக்காம வச்சிருந்தது இப்படி ஒரு நாளைக்கு நம்மளக் காப்பாத்தத்தான்னு இப்பல்ல வெளங்குது!

ஆனா நீ சும்மா இருப்பியா? பொண்டாட்டி பேருல கிழமைக் கடன் எடுத்த. உனக்குக் காசு வர்றது மாசத்துல ஒரு தடவ, லோன்காரன் வர்றது வாரத்துல ஒரு தடவ. அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா நீ பின்பக்கமா ரப்பர் மலைக்குள்ள போற, மருமகள் 'அவர் கேகாலைக்குச் சாமான் எடுக்கப் போயிட்டார்'னு சொல்றா. இப்படியே போனா நீ பால் வெட்டவும் பழகிருவ, கடைய மூடினாலும் கைத்தொழில் ஒன்னு இருக்கும். அந்த ஐஸ்கிரீம் பெட்டிய வந்த வெலைக்கு வித்து மொதல்ல இந்தக் கடன முடி. பெட்டி போனா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க. மருமகளோட கம்மல் அடகுக் கடையில முழுகினா உனக்கு நெசமாவே பட்டினிதான்.

அப்புறம் அந்தப் பருப்புக் கத. 2022-ல நல்ல லாபம்னு மாமன்கிட்ட வந்து மார்தட்டினியே, ஞாபகம் இருக்கா? மைசூர்ப் பருப்புன்னு பேரு, வர்றது என்னமோ அவுஸ்திரேலியாவுல இருந்து. டொலர் மார்ச் தொடக்கத்துல 200 சொச்சம், மே மாசம் 360 வாக்குல. நீ பழைய வெலைக்கு வாங்கினத, கிலோவுக்குப் பத்து ரூவா கூட வச்சு வித்துட்டு, கல்லாவ எண்ணிச் சிரிச்ச. அந்தக் காசோட கேகாலைக்குப் போனா பத்து மூட்டை வித்த எடத்துல ஆறு மூட்டை தூக்கவே நாக்குத் தள்ளுச்சு. வெல ஏறுற காலத்துல ரூவாய எண்ணாத, மூட்டைய எண்ணு. பத்து வித்தா பத்து திரும்ப உள்ள வரணும். அதுக்கு மேல மிஞ்சுறதுதான் லாபம். மிஞ்சலன்னா, சிரிச்ச சிரிப்பு மட்டும்தான் உனக்கு மிச்சம்.

'அப்ப பதுக்கி வைக்கட்டா மாமா'ன்னு கேப்ப. வச்சுப் பாரேன். 2021 ஆகஸ்ட்டுல அவசரகாலச் சட்டம் போட்டு, களஞ்சியம் களஞ்சியமா சீனி மூட்டைய இழுத்துப் போட்டாங்க. வெள்ளைச் சீனி கிலோ 122 ரூவான்னு கெசட்டும் வந்துச்சு. கெசட் வந்த மறுநாளே சீனி காணாமப் போச்சு. மொத்தக் கடையில அதவிடக் கூடக் குடுத்து, பில் இல்லாம வாங்கி, 122-க்கு வித்த உத்தமனுங்களும் இருந்தாங்க. அவங்க கடையெல்லாம் இப்ப சலூன் ஆயிருச்சு. பெரிய ஆளுங்க பதுக்கினா அது கையிருப்பு, நீ மூணு மூட்டை வச்சிருந்தா அது பதுக்கல். அதவிட இன்னொன்னு இருக்கு. ஏறுற வெல ஏறிக்கிட்டே இருக்காது. 2022 செப்டம்பர்ல 69.8-க்குப் போன பணவீக்கம் அடுத்த செப்டம்பர்லயே 1.3-க்கு வந்துருச்சு. உச்ச வெலையில வாங்கிக் கட்டிலுக்கடியில அடுக்கினவன், வண்டுகூடச் சேந்து தின்னான்.

எங்க காலத்துல இதவிட மோசம் பாத்திருக்கோம்னு சொன்னா நீ கொட்டாவி விடுவ. விடு. 1974 பக்கம் தோட்டத்துல பஞ்சம். ஒரு மாவட்டத்து அரிசிய அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டு போக முடியாது, வழியில பொலிஸ் எறக்கிருவான். மாவுக்கும் சீனிக்கும் அளவு. சனம் மரவள்ளிக் கெழங்கையும் கீரையையும் தின்னுச்சு, அதுவும் கெடைக்காதவங்க செத்தாங்க. அப்ப எங்கப்பா கடையில இருந்த சாமானெல்லாம் இந்த இஸ்தோப்புல ஒரு மூலைக்குக் காணாது. ஆனா கடை தொறந்தே இருந்துச்சு. எதையும் முழுசா விக்க மாட்டார். கருப்பட்டியக் கடலை அளவுக்கு ஒடச்சு விப்பார். உள்ளங்கையில தேத்தண்ணி ஒரு மொடக்கு, கருப்பட்டி ஒரு கடி. கையில இருந்த சல்லிக்கு ஏதோ ஒரு சாமான் உண்டு. நீ பால்மாவ 400 கிராம் பக்கெட்டாவே அடுக்கி வச்சுத் தூசி தட்டுற. அத ஒடச்சு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குன்னு சின்னச் சரையா கட்டு. தேங்காயெண்ணெயக் கால் போத்தலுக்கும் கீழ ஊத்திக் குடு. பாண் பாதி வேணும்னா மொகத்தச் சுளிக்காம வெட்டு. சின்னச் சரையில லாபம் கூடவும் இருக்கும், அது எனக்கும் தெரியும், வாங்குறவளுக்கும் தெரியும். அதனால ரொம்பக் கூட வைக்காத. அவளும் விரல் விட்டு எண்ணத் தெரிஞ்சவ.

பெற்றோலுக்கு QR வந்தப்ப ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர்னு குடுத்தாங்களே, நீ அத அப்படியே கேகாலை ரோட்டுல ஊத்துன, ரெண்டு பெட்டி சோப்பு எடுத்துட்டு வர. எதிர்க்கடை சிங்கள மொதலாளியும் சந்தியில இருக்கிற நானாவும் ஒரே லொறியில சாமான் எறக்கினாங்க. உன்னையும் கூப்பிட்டாங்க. 'போட்டிக்காரனோடயா'ன்னு மீசைய முறுக்கின. மீசைக்கு லொறிக் கூலியில கழிவு கெடையாது மருமகனே. இன்னிக்குச் சாயங்காலமே போய் ஒரு வெத்தலைய நீட்டிப் பேசு. அடுத்த நடைக்கு எடம் இருக்கான்னு கேளு.

வற் வரி 18 ஆனதும் நீ பொலம்பினதையும் கேட்டேன். 2024-ல வருசத்துக்கு 6 கோடி யாவாரம் பண்றவன்தான் அதுக்குப் பதியணும்னு போட்டாங்க. உன்ன யாருப்பா கூப்பிட்டா? சாமான் வெலையில அது ஏறித்தான் வருது, நீயும் நானும் கட்டித்தான் ஆகணும். ஆனா கோடிக்காரன் மாதிரி பொலம்புற சொகத்த மட்டும் ஏன் விடணும், பொலம்பு.

இப்ப கேளு. நாளன்னிக்கு 10-ந் தேதி. போன மாசம் மாதிரி கொப்பியத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் வாசல்ல போய் நிக்காத. நீ நிக்கிறதப் பாத்துட்டு ஆளுங்க கீழ்ப் பாதையில சுத்திப் போயிட்டாங்க, பாதிப் பேரு எதிர்க்கடையில போய்ச் சாமான் வாங்கினாங்க. கடை வாசல்ல அடுப்ப வை. மருமகளை உளுந்து வடை போடச் சொல்லு. சம்பளக் காசோட வர்றவன் எந்தப் பாதையில போனாலும் அந்த வாசனை புடிச்சு இழுத்துட்டு வரும். பிள்ளைங்களோட நின்னு வடை தின்னுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட, கொப்பியத் தொறக்காமலே, 'அண்ணே, போன மாசத்துல ஒரு 500 கழிச்சுக்கவா'ன்னு மெதுவாக் கேளு. வாயில வடை இருக்கும்போது எவனும் இல்லன்னு சொல்ல மாட்டான். எண்ணெய் விக்கிற வெலையில வடை கட்டுப்படியாகுமான்னு பாக்குறியா? வடையத் தொடாத, ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு. ஓட்டைக்கு இதுவரைக்கும் எந்தக் கெசட்டுலயும் வெல போடல.