எண்ணிக்கையும் கீர்த்தியும்

கேள்வி: மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி ஒருவரின் பெருமையை, அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணிப் பார்த்து நிர்ணயிக்கலாமா? பலர் கூடி எழுதினால் கீர்த்தி யாரைச் சேரும்?

பதில்: எண்ணித்தான் தீருவேன் என்பவர் சிட்னி பிரென்னரிடம் வந்து திண்டாடிப் போவார், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவொன்றை ஆராய்வதென்று 1963-ல் எண்ணம் கொண்ட அந்த மேதை, அதன் பாரம்பரிய இயல்பைப் பற்றிய பிரதானக் கட்டுரையைத் தம் பெயரில் வெளியிட்டது 1974-ல், அதை வித்தாகக் கொண்டு உழைத்த சல்ஸ்டன், ஹார்விட்ஸ் இருவரோடும் அவருக்கு நோபல் பரிசு கிட்டியதோ 2002-ல்!

கூட்டுறவின் மகிமைக்கும் அவரே சாட்சி. ஜீன்களின் செய்தியைப் புரதம் சமைக்கும் ரைபோசோம்களுக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ. உண்டென்று நிரூபிக்க, 1960-ல் கேம்பிரிட்ஜிலிருந்து பிரென்னரும் பாரிஸிலிருந்து ஃபிரான்சுவா ஜாக்கப்பும் கலிபோர்னியாவில் மெசல்சன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தை நாடிச் சென்று, பரிசோதனை பலிக்காமல் மனம் சோர்ந்து கடற்கரையில் கிடந்தபோது, பிரென்னர் சட்டென்று துள்ளியெழுந்து, "மக்னீசியம்!" என்று கூவினார். பரிசோதனைக் குழாயிலிருந்த சீசியம் உப்பு, ரைபோசோமைச் சிதறாமல் காக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்பது அக்கணமே விளங்கிற்று, மக்னீசியத்தைத் தாராளமாகச் சேர்த்தார்கள், காரியம் கைகூடியது. 1961-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்த அக்கட்டுரையின் கீர்த்தியை மூவருக்கும் பங்கிட வேண்டியதில்லை. ஆளுக்கு முழுதாகவே கொடுத்துவிடலாம். சக விஞ்ஞானி கிரிக்கோடு ஒரே அறையில் இருபது ஆண்டுக்காலம் பிரென்னர் பேசிய பேச்சையும் கணக்கில் ஏற்ற வேண்டுமென்றால், பட்டியல் எழுதக் காகிதம் காணாது.