பட்டை, பல்பு, கோவிந்தா: திருவண்ணாமலைக் குழூஉக்குறிகள் பற்றிய ஓர் ஆய்வு

இந்த ஆய்வுக்குப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே அடிக்கல் நாட்டிவிட்டார். தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாகக் குழூஉக்குறியை நன்னூலில் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர் என்று உரைகாரர்கள் உதாரணம் தந்தார்கள். உள்ளே போனதும் இருக்கிற சொல்லையெல்லாம் விளம்பவைக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இன்னும் அகப்படவில்லை. ஆனால் அந்த உரைகாரர்கள் யாரும் பௌர்ணமி இரவில் செங்கம் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இந்த ஆய்வாளர் உட்கார்ந்தார். ஆய்வுச் செலவு: மூன்று டீ, இரண்டு பொறை.

கருதுகோள் இது. மற்ற ஊர்களில் சொற்கள் நேர்ப்பொருளை உதறிவிட்டு எங்கேயோ ஓடிவிடுகின்றன. அண்ணாமலையில் மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கின்றன. கிரிவலத்தின் பாதிப்பாக இருக்கலாம்.

முதல் சான்று 'முடியல'. சென்னையில் மொக்கை ஜோக் கேட்டவன் சொல்வது. இங்கே 14 கிலோமீட்டர், வெறுங்கால். ராஜகோபுரத்தருகே 'மாஸ்', 'கெத்து' என்று கிளம்பிய கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பையன், எட்டு லிங்கங்களில் ஏழாவதான குபேர லிங்கத்தருகே நடைபாதையில் உட்கார்ந்து, "முடியல மச்சி" என்றான். குறிப்புப் பொருள் எதுவும் இல்லை. முடியவில்லை.

'வேற லெவல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 217 அடிக் கோபுரத்தடியில் நின்று 2,668 அடி மலையின் உச்சியைப் பார்ப்பவன் அப்படிச் சொன்னால் சர்வேயரும் கையெழுத்துப் போடுவார்.

சிக்கலானது 'பட்டை'. நெற்றியில் பூசுவதும் பட்டை, தொண்டையில் இறங்குவதும் பட்டை. முன்னது பசுஞ்சாணம் எரிந்து வருவது. பின்னது வேலம்பட்டை ஊறி வருவது. இரண்டையும் 'அடிக்க' வேண்டும் என்பதில் மொழிக்கு ஐயமே இல்லை. விடியற்காலை ஓர் ஆட்டோக்காரர் இன்னொருவரைச் சுட்டிக்காட்டி, "காலங்காத்தாலயே பட்டை அடிச்சினு வந்துட்டாம்பா" என்றார். வேறு ஊராக இருந்தால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். இங்கே இடமும் நேரமும் இரண்டுக்குமே ஒத்துப்போகின்றன. "எந்தப் பட்டைங்க?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் சாமி" என்றார். (இவ்வூரில் 'சாமி' என்பது தெய்வம், துறவி, ஆட்டோ சவாரி மூன்றுக்கும் பொதுச்சொல். மூன்றாம் வகையிடம் மட்டும் கட்டணம் சொல்வார்கள்.)

அடுத்தது 'பல்பு வாங்குதல்'. அசடு வழிவதற்கும் பல்புக்கும் என்ன சம்பந்தம் என்று வேறெங்கும் விளங்காது. இங்கே தலபுராணமே விளக்குகிறது. யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. சிவன் அடிமுடி தெரியாத ஜோதியாக எழுந்து நின்றார். வராகமாகி அடியைத் தோண்டிப் போன விஷ்ணு, முடியல என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரம்மா, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை ஜால்ராவுக்குச் சேர்த்துக்கொண்டு, முடியைப் பார்த்துவிட்டதாக ரீல் விட்டார். மாட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய வெளிச்சத்தின் முன்னால் நின்று ஒருவர் வேறு எதை வாங்க முடியும்? அன்றிலிருந்து தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை. ஜால்ரா அடித்தவருக்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்த அபூர்வ வழக்கு இது.

கருதுகோளுக்கு அடங்காத ஒரே சொல் 'கோவிந்தா'. சீட்டுப் பணம் போனால் கோவிந்தா. போன் தண்ணீரில் விழுந்தால் கோவிந்தா. திருப்பதி உண்டியலிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், பாடை தூக்கும்போது எழும் கோஷத்திலிருந்து என்பார் மறுசாரார். எனக்கு அது முக்கியமில்லை. பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலமான இந்தச் சிவனூரில், நஷ்டத்தை மட்டும் ஏன் பெருமாள் கணக்கில் எழுதுகிறார்கள்? என் முடிவு: அரோகராவை வரவுக்கு வைத்துக்கொண்டு, செலவையெல்லாம் பக்கத்துச் சாமி தலையில் கட்டும் வணிகத் தந்திரம். இதை எழுதி, அடிக்கோடும் போட்டு நோட்டை மூடினேன்.

கிரிவலம் முடித்துக் கோபுரத்தருகே வந்தால், பூக்கடை ஓரம் விட்டுப்போன செருப்பைக் காணோம். குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நார் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"செருப்பா சாமி?"

"ஆமாம்மா."

"அரோகராதான்."

புதுச் செருப்பு. ஆனாலும் அடிக்கோடு போட்ட முடிவு போனதுதான் அதிகம் வலித்தது.