நாற்காலி இல்லாத கூட்டம்

எங்கள் அலுவலகத்தில் மாற்றம் எப்போதும் சுற்றறிக்கையாகத்தான் வரும். 'நாளை முதல்' என்று ஆரம்பிக்கும். நாளை மறுநாள் எல்லாக் கிளைகளும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும்.

புதிதாக வந்த மேலாளர் வேறு ரகம். "எதையும் முதலில் ஒரு பிரிவில் செய்து பார்ப்போம். போனால் அதோடு போகட்டும்" என்றார். நியாயம்தானே? காலை உணவுத் திட்டத்தையே 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். எடுத்த எடுப்பில் தமிழ்நாடு முழுக்க உப்புமா அடிப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கணக்குப் பிரிவின் காலைக் கூட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும். நாற்காலிகளை எடுத்துவிட்டால் கால் வலிக்கும், கால் வலித்தால் வாய் மூடும் என்பது மேலாளரின் கணக்கு. முதல் சில நாள் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு அவரே உற்றுப் பார்த்தபடி நின்றார். கூட்டம் கால் மணியில் முடிந்தது.

சிகாகோ பக்கத்து ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-ல் இப்படித்தான் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள்; அப்போதும் கூடியது. 'நம்மைக் கவனிக்கிறார்கள்' என்ற நினைப்புதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இங்கும் செல்போன் பாக்கெட்டுக்குள் போனதும் கூட்டம் பழையபடி நீண்டது. சுவரில் சாயும் உரிமை பணிமூப்புப்படி பங்கிடப்பட்டது. ஓய்வுபெறப் போகும் சூப்பிரண்டுக்குத் தூண். முழங்கால் வலி என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்து ஒருவர் ஸ்டூல் வாங்கினார். மறுநாளே பாதிப் பிரிவுக்கு முழங்கால் வலி.

நேரம் குறிக்கும் வேலை புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளரிடம் இருந்தது. விவரம் தெரியாத பெண். உள்ளதை அப்படியே எழுதிவிட்டாள்: 'நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம். மேலாளர் லீவு போட்ட நாள்களில் மட்டும் பத்து நிமிடம்.'

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அலுவலகங்களில் அந்த ஒரு சோற்றைத் தனியாக வேகவைத்துக் கொண்டுவந்து காட்டி, 'சோதனை மகத்தான வெற்றி' என்று அறிக்கை அனுப்புவார்கள். தோற்க அனுமதி இல்லாத சோதனைக்குப் பெயர் திறப்பு விழா.

எங்கள் மேலாளர் அப்படிச் செய்யவில்லை. நோட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு நாற்காலிகளைத் திரும்பப் போடச் சொன்னார். கூட்டத்துக்குத் தான் வருவதை வாரம் ஒருநாளாகக் குறைத்துக்கொண்டார். மற்ற நாள்களில் பத்து நிமிடம் நிலைத்துவிட்டது.

இதை எல்லாக் கிளைகளுக்கும் விரிவுபடுத்தலாம், மேலாளர்கள் காலைக் கூட்டத்துக்கு வராமலிருக்கலாம் என்று தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறோம். அதைப் பற்றி விவாதிக்க எல்லா மேலாளர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.