எல்லாம் பல்லுதான்

பாப்பாவுக்கு எச்சில் ஒழுகத் தொடங்கிய அன்றே 'பல்லுதான்' என்று தீர்ப்பெழுதிவிட்டேன். பிறகு ராத்திரி அழுதால் பல்லு, ராகிக் கூழைத் துப்பினால் பல்லு, வயிற்றால் போனாலும் பல்லு. ஆபீசுக்குத் தாமதமானதற்கும் அதையே சொன்னேன். மேலதிகாரி என் கன்னம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஒரு சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. "பல்லு முளைச்சா காயத்தான் செய்யும்" என்றேன். மனைவி பதிலே பேசாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். செருப்பைத் தேடிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பல் முளைக்கையில் உடம்பு லேசாகச் சுடலாம், 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும், வயிற்றுப்போக்கையும் பல் கணக்கில் எழுதக் கூடாது என்றார். காதில் சீழ் கோத்திருந்தது. மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மெடிக்கலில் நான் பெருமையாக வாங்கி வைத்திருந்த ஈறு மரக்கும் ஜெல்லும் குப்பைக்குப் போனது. எச்சிலோடு இறங்கித் தொண்டையையும் மரக்கவைக்குமாம். அன்றிரவு ஆறுதல் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பாதரசம் கலந்த பொடியைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்து, கைகால் சிவந்து தோலுரிந்து சில பிள்ளைகள் செத்தே போயிருக்கின்றன. 1954-ல் பொடியை நிறுத்திய பிறகுதான் அந்த நோய் ஓய்ந்தது. "நான் ஜெல்தானே வாங்கினேன்" என்றேன். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்து ரப்பர் வளையத்தை ஃப்ரீசரில் போட்டுக் கல்லாக்கிக் கொடுத்தேன். உதட்டில் பட்டதும் வீடே அதிர்ந்தது. மாமியார் சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துத் தந்தார். பாப்பா அதை நிம்மதியாக மென்றாள். செலவு சுழி.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிப்போவது உண்டு. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. உதட்டை விலக்கி, ரெண்டு பல் போட்டிருந்தால் ரெண்டு வயசுக்கு மேல் என்று சட்டெனச் சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில், கையைக் கழுவிவிட்டு, பாப்பாவின் கீழுதட்டைக் கட்டைவிரலால் விலக்கினேன். எதுவும் தெரியவில்லை. "இன்னும் முளைக்கல" என்று அறிவித்துக்கொண்டிருக்கும்போதே கடித்தாள். ரெண்டு பல், நல்ல கூர்.

"ஏங்க, என்ன வெலைக்குப் போகும்னு சொல்றீங்க?" என்றாள் மனைவி.