ஒன்றேகால் கிலோமீட்டர் சேறு

போடியில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஏலக்காய்த் தோட்டத்துக்காக வண்டி வைத்திருப்பவர்கள், வண்டிக்காகத் தோட்டம் வைத்திருப்பவர்கள். நான் இரண்டாவது வகை. போடிமெட்டைத் தாண்டி பூப்பாறைக்குப் போகிற வழியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. விளைகிற காய் வீட்டுப் பாயசத்துக்கும் டீசல் செலவில் பாதிக்கும் காணும். அந்த ஒன்றரை ஏக்கரைச் சாக்காக வைத்துத்தான், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய இசுஸு வி-கிராஸ் பிக்கப்பை வாங்கினேன். "லோடு ஏத்தணும்ல" என்று வீட்டில் சொன்னேன். இதுவரை ஏற்றியதில் பெரிய லோடு, மச்சினி வீட்டுக் கொலுப்படி.

போன ஆனியில் டயர் தேய்ந்தது. பட்டன்களுக்கு நடுவே குறுக்காக ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று கணக்கு. அதற்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. குனிந்து அந்த மேட்டைத் தடவிப் பார்த்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி ஒரு குறுகுறுப்புதான் வந்தது.

காரணம், மட் டெரெய்ன் டயர். எம்.டி. என்பார்கள். பட்டன் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி அளவு. இரண்டு பட்டனுக்கு நடுவே கட்டை விரல் தாராளமாக நுழையும். சேற்றில் சுழலும்போது அந்த இடைவெளியில் சேறு அப்பாமல் தன்னாலேயே வீசியெறியப்பட்டுவிடும். அதைப் போட்ட வண்டி நின்றுகொண்டிருந்தாலே எங்கேயோ போய்விட்டு வந்த களை இருக்கும். இதற்கு ஒரு படி கீழே ஆல் டெரெய்ன், அதாவது ஏ.டி. பட்டன் சின்னது, நெருக்கமானது, தாரிலும் போகும், மண்ணிலும் போகும். எல்லாரையும் அனுசரித்துப் போகிற மூத்த மருமகள் மாதிரி. அதற்கும் கீழே சாதா ரோட்டு டயர். அதைப் பற்றிப் பேச வேண்டாம், என் வண்டியில் தேய்ந்தது அதுதான்.

என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது ஓடையில் வண்டியை இறக்கி, திங்கட்கிழமை தவறாமல் மெக்கானிக்குக்குப் பணம் கட்டுகிறவன். போனில் கேட்டேன்.

"மாமா, ஏ.டி. எல்லாம் ரெண்டுங்கெட்டான். போட்டா எம்.டி. போடுங்க, இல்லாட்டி சும்மா இருங்க. அப்படியே சைஸையும் 265/70 ஆக்கிருங்க. கெத்தா இருக்கும்."

என் டயர் 255/65 R17. அதாவது 255 மில்லிமீட்டர் அகலம், பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், 17 அங்குல ரிம். வங்கிக்காரன் சும்மா இருப்பானா? பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மச்சான் சொன்ன சைஸில் சக்கரத்தின் விட்டம் நாலு சென்டிமீட்டர் கூடுகிறது, ஐந்து சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். இவ்வளவு நாள் சரியாகக் கணக்கு எழுதிவிட்டு, அறுபது வயதுக்கு மேல் மீட்டரைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. சைஸ் வேண்டாம், எம்.டி. மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில்தான் என் மனைவி டைரியை எடுத்தாள். டீசல் போடுகிற ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

"ஏங்க, மாசம் ஆயிரத்தி இருநூறு ஓடியிருக்கு. இதுல சேறு எவ்வளவு?"

தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து ஷெட் வரை ஒன்றேகால் கிலோமீட்டர். போக வர இரண்டரை. மாதம் நாலு நடை. மொத்தம் பத்து கிலோமீட்டர்.

"நூத்துக்கு ஒண்ணுகூட தேறலையே" என்றாள்.

"மழைக்காலத்துல அந்த ஒண்ணுதான் முக்கியம்."

"மழை இல்லாத மாசத்துல?"

பதில் சொல்லவில்லை.

"அந்த ஒன்னேகால் கிலோமீட்டர நடந்து போனீங்கன்னா சுகராவது கொறையும்."

அவளுக்கு எம்.டி. மேல் தனிப்பட்ட கோபமும் இருந்தது. பொங்கலுக்குத் தம்பி வண்டியில் மதுரை வரை போய் வந்திருந்தோம். தேனி தாண்டி வேகம் எடுத்ததும் வண்டிக்குள் மாவு மில் ஓட ஆரம்பித்தது. பட்டன்களுக்கு நடுவே மாட்டுகிற காற்று ரோட்டில் நசுங்கிப் பீறிடுகிற சத்தம் அது. இதைச் சமாளிக்கத்தான் பட்டன்களை ஒரே அளவில் வார்க்காமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வார்க்கிறார்கள். ஒரே சுருதியில் கத்தாமல் பல சுருதியில் கத்தும். கச்சேரி என்னவோ கச்சேரிதான். ஆண்டிபட்டிக் கணவாயில் அவள் என்னிடம் கேட்ட கேள்வி எனக்குச் செக்கானூரணியில்தான் விளங்கியது. "காபி குடிக்கலாமா" என்று கேட்டிருக்கிறாள்.

இரண்டாவது கருத்துக்கு, முந்தல் டீக்கடையில் ஜீப் அண்ணனைப் பிடித்தேன். விடிகாலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறவர். எங்கள் பக்கத்தில் வண்டி சம்பந்தமான வழக்குகளுக்கு அவர்தான் உச்ச நீதிமன்றம். அவருடைய ஜீப்பில் நாலும் ரீபட்டன் டயர். ஸ்டெப்னியில் கம்பி தெரிகிறது.

"அண்ணே, சேத்துக்கு ஏ.டி.யா, எம்.டி.யா?"

டீயை ஆற்றிக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"டயர்ல ஒண்ணும் இல்ல சார். காத்துல இருக்கு. காத்தைக் கொறச்சீங்கன்னா மொட்டை டயரே ஏறும். கொறைக்கலேன்னா பட்டன் எவ்வளவு பெருசா இருந்தாலும் அங்கனயே நின்னு தோண்டிக்கிட்டு இருக்கும்."

ஒரு லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் செலவழிக்கத் துணிந்து நிற்கிறவனிடம் சொல்கிற பதிலா இது? காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்குப் போனேன். புது ரப்பர் வாசனை இருக்கிறதே, அது சின்னப் பையனைப் பொம்மைக் கடையில் விட்ட மாதிரி மனிதனை ஆக்கிவிடும். கடைக்காரர் மூலையிலிருந்து எம்.டி. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சார் வண்டிக்கு மட்டுமில்ல, சார் ஆளுக்கும் இதுதான் எடுப்பு."

அந்த 'ஆளுக்கும்' என்ற வார்த்தையில் பாதிப் பணத்தை அங்கேயே எண்ணி வைத்திருப்பேன். முப்பத்தைந்து வருஷத் தொழில் காப்பாற்றியது. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் என் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதில் 2219 என்று இருந்தது. 2019-ஆம் வருஷத்து இருபத்திரண்டாவது வாரம். மூன்று மாதம் தாண்டிய காசோலையையே திருப்பி அனுப்பியவன் நான்.

"ரப்பர் இருக்க இருக்க இறுகும் சார், நல்லதுதான்" என்றார். ஊறுகாய்க்குச் சொல்ல வேண்டியதை டயருக்குச் சொல்லிவிட்டார். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது.

ஈர ரோடு என்றதும்தான் எனக்கே உறைத்தது. சேற்றை வீசியெறிகிற அதே இடைவெளி தார் ரோட்டில் எதிரி. தரையைத் தொடுகிற ரப்பர் குறைவு, நனைந்த தாரில் பிரேக் அடித்தால் வண்டி நிற்பதற்குக் கொஞ்சம் யோசிக்கும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவத்தில் பாதி நாள் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். எதிரே ஜீப்புகள் வந்துகொண்டே இருக்கும். சேற்றில் மாட்டினால் சட்டைதான் போகும், வளைவில் வழுக்கினால் சட்டையோடு சேர்ந்து நானும் போவேன்.

ஏ.டி. வாங்கினேன். அடுத்த வாரம், வேறு கடையில், புதுத் தேதியில். அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவே ஒரு பனித்துகளும் அச்சாகியிருக்கும். கடும் பனியிலும் போகும் என்று சோதித்துப் பார்த்த முத்திரை. போடியில் பனி கொட்டினால் முதல் வண்டி என்னுடையதுதான்.

"நாலு சக்கரத்துக்கு எதுக்கு அஞ்சு டயர்?" என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது. ஸ்டெப்னியும் அதே அளவில், அதே தேய்மானத்தில் இருந்தால்தான் ஃபோர் வீல் போடும்போது கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்காது என்று விளக்கினேன். கூடவே, ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர், 1904-ல் அங்கே இரண்டு சகோதரர்கள் கடை போட்டு விற்ற மாற்றுச் சக்கரம் என்றும் சொன்னேன். "அந்தத் தெருவுக்கு நம்ம வீட்டுப் பணம் எதுக்குப் போகணும்?" என்றாள். ஐந்தாவது டயரும் வந்தது. எப்படி வந்தது என்பது வேறு கதை, அதில் ஒரு ஜோடி வளையலும் வரும்.

ஆடியில் நல்ல மழை. தோட்டத்துக்குக் கிளம்பினேன். தார் முடிந்தது, ஃபோர் வீல் போட்டேன், இருநூறு மீட்டர் ராஜநடை. கிணற்றடித் திருப்பத்தில் வண்டி நின்றது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. புதுப் பட்டன்கள் அழகாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்த நாலைந்து பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"டயரு புதுசா சார்?" என்றாள் ஒரு அக்கா. பின்பக்கத்திலிருந்து தள்ளினார்கள். அவர்கள் சேலையில் சேறு தெறித்தது, வண்டி அசையவில்லை.

அப்போதுதான் முந்தல் டீக்கடை ஞாபகம் வந்தது. வால்வைக் குச்சியால் அழுத்தி, 35-ல் இருந்த காற்றை நாலு சக்கரத்திலும் 18-க்கு இறக்கினேன். டயர் தரையில் சப்பென்று உட்கார்ந்தது. முதல் கியர். வண்டி, எருமை குட்டையை விட்டு எழுவதுபோல, அலுத்துக்கொண்டே எழுந்து வெளியே வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். டயருக்குத் தட்டினார்களா, காற்றுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

இறக்கிய காற்றை ஏற்ற பம்பு வேண்டும் என்பதை மட்டும் மறந்திருந்தேன். அரைக் காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளவும் பார்க்கும். பதினேழு வளைவையும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினேன். பின்னால் ஒரு பஸ், மூன்று ஜீப், ஒரு கல்யாண வேன். முந்தலில் காற்று அடிக்கிற பையன் என் டயரைத் தடவிப் பார்த்து, "சூப்பர் டயரு சார். ஆனா காத்துதான் இல்ல" என்றான்.

அடுத்த மாதம் போனபோது தார் முடிகிற இடத்தில் ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்து கிடந்தன. ஷெட் வரை கான்கிரீட் ரோடு வருகிறதாம். எனக்கிருந்த பத்து கிலோமீட்டர் சேறும் போயிற்று என்று நெஞ்சு அடைத்தது. ஜீப் அண்ணனிடம் மெல்ல, யார் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். போன வருஷம் அதே ஆள் போட்ட இன்னொரு ரோட்டை, மலையின் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரே ஒரு மழைதான் பார்த்திருந்தது அந்த ரோடு. நடுவில் இருந்த பள்ளத்தில் ஜீப்பின் முன் சக்கரம் பாதிவரை இறங்கியது.

வீட்டுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டு, அடுத்த செட்டுக்கு எம்.டி. என்ன விலை என்று கேட்டு வைத்தேன்.