இன்னும் நாலு நாள்

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவதொரு மொட்டை மாடியிலிருந்து புகை கிளம்பினால் பதற வேண்டாம். பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் முளைத்துக்கொண்டே போகும் லேஅவுட்டுகளில், தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஏரியாவுக்கு ஒருவராவது இருக்கிறார். அவர் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருக்கிறார்.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும். சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார். இந்த இடைவெளியில்தான் ஒரு மனிதனுக்கு இப்படிப்பட்ட கலைகள் பிடிக்கும். எங்கள் தெருவில் அவருக்கு 'வறுவல் சார்' என்று பெயர். முதலில் பையன்கள் வைத்தார்கள். இப்போது கூரியர்காரரும் அப்படித்தான் விசாரிக்கிறார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கொடுக்கும் காபியைக் குடிக்க மாட்டார், மோந்து பார்ப்பார். கண்ணை மூடி, "சிக்கரி நாப்பது பர்சென்ட் இருக்குமா?" என்பார். சட்டப்படி 51 சதவீதம் காபி இருந்தால் போதும், மீதி 49க்கும் சிக்கரியைப் போட்டுக்கொள்ளலாம், பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், நாம்தான் படிப்பதில்லை என்று விளக்குவார். சமையலறையிலிருந்து உங்கள் வீட்டு அம்மாள் எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாது. துக்க வீட்டில்கூட ஒரு தடவை இப்படி மோந்து பார்த்தார் என்று கேள்வி.

வறுக்கும் இயந்திரத்தை வேறு ஊர்க்காரர் என்றால் கடையில் வாங்கியிருப்பார். ஓசூர்க்காரருக்கு அது கௌரவக் குறைச்சல். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வேர்விட்ட ஊர் இது. லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு ஓட்டை உருளையைப் பணம் கொடுத்து வாங்கினால் லேத் பட்டறைப் பையன்கூடச் சிரிப்பான். ஆரம்பத்தில் மனைவியின் இரும்பு வாணலியில்தான் வறுத்தார். அப்புறம் அதில் செய்த உருளைக்கிழங்கு ரோஸ்ட் எல்லாம் காபி வாசனை அடித்தது. அடுத்துப் பாப்கார்ன் மெஷின் ஒன்று வந்தது. வந்த வேகத்தில் கருகியது. இப்போது இருப்பது மூன்றாவது தலைமுறை. பட்டறையில் சொல்லிச் செய்த, துளை போட்ட எவர்சில்வர் உருளை. அதைச் சுற்றுவது லாரி வைப்பர் மோட்டார். கீழே கேஸ் அடுப்பு. உள்ளே ஒரு தெர்மோகப்பிள், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு எண்களாகச் சூட்டைக் காட்டும். 2002ல் டிவிஎஸ் மோட்டாருக்கு டெமிங் விருது கிடைத்ததிலிருந்து இந்த ஊரில் எந்தக் கம்பெனிக்காரரும் ஒரு காரியத்தைச் சும்மா செய்வதில்லை. மாடித் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார். வறுக்கும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. கொடியில் துணி உலர்த்தப் போன மனைவிக்கும் விலக்கு கிடையாது.

ஒரு தடவை கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. 250 கிராம் பச்சைக் கொட்டை உள்ளே போனது. பச்சைக் கொட்டைக்குக் காபி வாசனை கிடையாது, காய்ந்த புல் மாதிரி ஒரு வாடைதான். கொஞ்ச நேரத்தில் அது மஞ்சளாகி, பேக்கரி வாசலில் நிற்கிற வாசனை வந்தது. பிறகு பழுப்பு. மீட்டர் 190ஐத் தாண்டியதும் வறுவல் சார் பேச்சை நிறுத்தினார். கையை உயர்த்தினார், மூச்சையும் பிடித்துக்கொண்டார். உள்ளே 'பட்... பட்பட்' என்று வெடிக்க ஆரம்பித்தது. கொட்டைக்குள் அடைபட்ட நீராவியும் வாயுவும் உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. "ஃபர்ஸ்ட் கிராக்!" என்று அவர் கத்தியது, கீழ் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களைச் சுவரில் விரிசல் தேட வைத்தது. அந்த நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து போன். இரண்டாவது லைன் நின்றுவிட்டதாம். "ஒரு நிமிஷம் நிக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அவர் சம்பளம் வாங்கும் லைன் நிற்கலாம், வைப்பர் மோட்டார் நிற்கக் கூடாது.

இறக்கியதும் ஆறவைப்பது இன்னொரு அவசரம். கொட்டை தன் சூட்டிலேயே உள்ளுக்குள் வறுபட்டுக்கொண்டு போகுமாம், நாலைந்து நிமிஷத்தில் ஆற்றியாக வேண்டுமாம். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்துச் சல்லடையில் கொட்டிக் குலுக்கினார். வெள்ளித் தோல் என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தவிடு பறந்து, பக்கத்து மாடியில் காயவைத்திருந்த கூழ் வடகத்தின் மேல் மெத்தென்று படிந்தது. அந்த வீட்டம்மாள் பேசியது தெலுங்கு. எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை, தொனி புரிந்தது. வறுவல் சார் எடை போட்டார்: 213 கிராம். "லாஸ் பதினஞ்சு பர்சென்ட். பெர்ஃபெக்ட்" என்று நோட்டில் குறித்தார்.

வாசனை தெருவையே தூக்கியது. நான் நாக்கைச் சுழற்றிக்கொண்டு, "அரைச்சிடலாமா சார்?" என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையில், கம்பெனியில் பெயின்ட் காயாத வண்டியை டெஸ்பாட்ச் பண்ணக் கேட்கும் சேல்ஸ்காரர்களை எப்படிப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டேன். "இன்னும் ஒரு வாரம்" என்றார்.

கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கிறது, அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டு அரைத்து வெந்நீர் ஊற்றினால் தூள் நுரைத்துப் பொங்கும். குமிழிகள் தண்ணீரைத் தூளோடு ஒட்டவிடாது, சாரம் சரியாக இறங்காது, நாக்கில் ஒரு கூர்ப்பு நிற்கும். எனவே ஜாடியில் போட்டு, வாயு வெளியேற மட்டும் வழி விட்டு, காத்திருக்க வேண்டும். இதெல்லாம் உண்மைதான். அவர் வீட்டு அலமாரியில் ஏழு ஜாடிகள் இருக்கின்றன, ஏழிலும் ஸ்டிக்கர்: பேட்ச் நம்பர், வறுத்த தேதி, இறக்கிய சூடு, திறக்கும் நாள். பாபா புதான் ஏமன் நாட்டிலிருந்து ஏழே ஏழு விதையைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்று சொல்வார்கள். நல்ல வேளை, அவர் நட்டுவிட்டார். நம்மவர் கையில் கிடைத்திருந்தால் இன்றைக்கும் இந்தியாவில் ஏழு ஸ்டிக்கர்தான் இருக்கும்.

மூன்று மொழி புழங்கும் ஊர். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்த்தால், "சார், காபி ஆய்த்தா?" என்பார். பால்காரர், "சார், காபி அயிந்தா?" என்பார். நான் தமிழில் கேட்பேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இன்னும் நாலு நாள்." என்றைக்குக் கேட்டாலும் நாலு நாள்தான்.

கொட்டை வாங்கப் போவது தனி யாத்திரை. அறுவடை முடிந்து தை, மாசியில் ஏற்காட்டுக்குப் போவார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபி நட்ட கதையைக் கொண்டை ஊசி வளைவுதோறும் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். இல்லாவிட்டால் சிக்மகளூர். ஒரு காலத்தில் தோட்டக்காரர் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டும். 1990களில் அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகுதான் இவரைப் போன்றவர்கள் தோட்டத்து வாசலிலேயே போய் நின்று மூட்டையை முகர முடிகிறது. அதே வாரியம் பெங்களூரில் 'காபி சாஸ்திரா' என்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறது. அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய்ச் சேர்ந்து படித்துவிட்டு வந்தார். சான்றிதழ் ஹாலில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரற்கடை உயரத்தில் தொங்குகிறது.

ஊருக்குத் திரும்பியதும், "செலக்‌ஷன் 795 வந்திருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னார். அது அரபிகா ரகம். வண்டி என்று நினைத்த பால்காரர், "மைலேஜ் எவ்ளோ கொடுக்குது சார்?" என்று கேட்டார். ஓசூரில் அது நியாயமான கேள்வி.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் அவருடைய மாமியார். கும்பகோணத்துக்காரர், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

"எங்க வீட்ல கரி அடுப்புல உருளையைச் சுத்தி வறுப்போம் மாப்பிள்ளை. சூடு ஆறினதும் மிஷின்ல போட்டு அரைச்சு, அன்னிக்கே டிகாஷன் இறக்கிடுவோம். குடிச்சவங்க யாரும் செத்துப்போகலை."

"கேஸ் வெளிய போகணும் அத்தை."

"கேஸ் எனக்குந்தான் இருக்கு. அதுக்காக என்னை யாரும் ஜாடியில போட்டு மூடி வைக்கலையே."

நியாயமாகப் பார்த்தால் இருவர் கட்சியும் சரி. அந்தக் காலத்து வறுவல் கறுத்த வறுவல். அதில் கொட்டை நன்றாக வாய் பிளந்துவிடும், வாயு சீக்கிரம் ஓடும். அரைத்தவுடன் மிச்சத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். பித்தளை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்க நேரம் எடுக்கும், மேலே பாலும் சர்க்கரையும். கூர்ப்பு எங்கே தெரியப் போகிறது? மருமகன் வறுப்பதோ வெளிர் வறுவல். கொட்டை இறுக்கமாக இருக்கும், வாயு பிடிவாதமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். அதைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ஆகவே அவர் காத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் இதை அந்த வீட்டில் யாரிடமும் சொல்லிப் பிழைக்க முடியாது.

எனக்கென்னவோ, வாயு ஒரு சாக்கு என்றுதான் படுகிறது. அவர் கம்பெனியில் சரக்குத் தேங்கினால் பாவம். உதிரிப் பாகம் லாரியிலிருந்து நேராக லைனுக்குப் போக வேண்டும், வண்டி லைனிலிருந்து நேராக லாரிக்குப் போக வேண்டும். ஒரு ஷிப்டுக்கு மேல் ஏதாவது தரையில் கிடந்தால் மீட்டிங். நாள் முழுக்க 'ஏன் லேட்?' என்ற கேள்விக்கு மெயில் எழுதும் மனிதருக்கு, எந்த ஜெனரல் மேனேஜர் வந்தாலும் அவசரப்படுத்த முடியாத பொருள் ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இரும்பு வார்ப்படங்களை உடனே கடையாமல் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்களாம், உள்ளிறுக்கம் தளர்வதற்காக. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழதழத்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் அவருடைய சகா ஒருவர் மட்டும் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "மாங்காயை வைக்கோல்ல போட்ட மாதிரிதானே சார்? ஆனா எங்க வீட்ல பழுத்தா சாப்பிட்டுடுவோம்" என்றார்.

திறப்பு விழா ஒன்றுக்குப் போயிருக்கிறேன். எட்டாவது நாள் காலை. 15 கிராம் கொட்டை தராசில் நிறுத்து, கையால் சுற்றி அரைத்தார். "ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல தொள்ளாயிரம் மீட்டர் சார். இங்க தண்ணி 97 டிகிரியிலயே கொதிச்சிடும். காபிக்குன்னே வச்ச ஊர்" என்றார். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூள் உப்புவதைப் பிள்ளை தவழ்வதைப் பார்ப்பது போல் பார்த்தார். கண்ணாடி டம்ளரில் தேநீர் நிறத்தில் ஏதோ வந்தது. "ஆரஞ்சுத் தோல் தெரியுதா? கடைசியில வெல்லம்?" முதல் வாய் புளித்தது. மூன்றாவது வாயில் நிஜமாகவே வெல்லம் மாதிரி ஒன்று தொண்டையில் வந்து நின்றது. நல்ல காபி, சந்தேகமில்லை. இதற்காக ஒரு மனிதர் கிறுக்காகலாம் என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீழ் வீட்டுக்காரர் மட்டும், "சொல்ப சக்கரை?" என்றார். அவரை அப்புறம் கூப்பிடவில்லை.

ஆனால் அப்படியொரு நாள் அமைவது அபூர்வம். ஜாடி பக்குவத்துக்கு வரும் வாரத்தில்தான் கஸ்டமர் ஆடிட் வரும், இல்லையென்றால் ஷிப்ட் மாறும். எட்டு முதல் பதினாலாம் நாள் வரை அவர் கேன்டீன் மெஷினின் டீயைப் பேப்பர் கப்பில் குடித்துக்கொண்டு ஃபைல் புரட்டுவார். வந்து பார்த்தால் ஜாடி 'பீக்' தாண்டியிருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி புகை.

போன மாதம் அப்படியொரு ஆடிட் முடிந்து வந்தவர், ஜாடியை எடுத்து எடை போட்டிருக்கிறார். 213 இருக்க வேண்டியது 148. இரவோடு இரவாக 'ஏன், ஏன், ஏன்' என்று ஐந்து கேள்வி எழுதிக் காரணம் தேடியும் பிடிபடவில்லை. மறுநாள் காலை நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார்.

"கேஸ் போனா ஒரு பர்சென்ட், மிஞ்சிப்போனா ரெண்டு பர்சென்ட் குறையலாம் சார். முப்பது பர்சென்ட் எப்படி?"

அவர் வீட்டு மாமியார் மூன்றாம் நாளே ஜாடியிலிருந்து இரண்டு கை அள்ளி, வாணலியில் இன்னொரு சுற்றுக் கறுக்க வறுத்து, அண்ணாச்சி கடைச் சிக்கரியைக் கலந்து அரைத்து, தெருவில் நாலு வீட்டுக்குத் தூள் கொடுத்தனுப்பியிருந்தார். என் கையில் இருந்த டபராவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து மோந்து பார்ப்பதற்குள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஓசூர்க் காத்து இப்ப ரொம்ப ட்ரையா இருக்கு சார்" என்றேன்.

"அட, ஆமாம்ல" என்று பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.