முன்பதிவில் மிச்சம் பிடித்தல்: அருள்புரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்ணால் காணாத பொருளுக்கு முழு விலை ஒப்புக்கொண்டு, முன்பணமும் கட்டி, கட்டிய கையோடு 'மிச்சம் பண்ணிட்டேன்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் மனநிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களம் அருள்புரம். திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில், பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் லைன் வீடுகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஊர்.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் திறந்தன. அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், சாயத் தண்ணீரிலிருந்து உப்புக் கரைசலைப் பிரித்து அதையே மறுபடி சாயம் போடத் திருப்பித் தருகிறது. துணி வெட்டியதில் விழும் துண்டுகளோ கட்டிங் வேஸ்ட்டாக எடை போட்டு விற்கப்படுகின்றன. கரைந்துபோன உப்பையே விட்டுவைக்காத ஊர், புதுக் கைபேசி வருகிறது என்றதும் 79,900 ரூபாயை 'ஆஃபர்' என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுப்பது எப்படி? இதுவே ஆய்வு வினா.

முறையியல் பற்றிச் சிறு குறிப்பு. மாதிரியின் அளவை டீக்கடை பெஞ்சின் நீளம் தீர்மானித்தது. காலம் சனிக்கிழமை இரவு. வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம் அது. ஒப்பீட்டுக் குழுவாகப் பட்டன் போன் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். பல்லடம் பஸ் வந்ததும் அவர் எழுந்து போய்விட்டார். ஆகவே இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

முன்னோர் பதிவுகள்

முன்பதிவால் உண்மையிலேயே காசு பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். வண்டி கைக்கு வந்த அன்றே, கட்டிய விலைக்கு மேல் வைத்துக் கொடுக்க முடிந்தது. 1983இல் மாருதி 800க்கு 10,000 ரூபாய் கட்டி லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். டிசம்பர் 14 அன்று முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அங்கே தட்டுப்பாடு மெய். ஆலையால் செய்து மாளவில்லை. ஆகவே பதிவுச் சீட்டு வைத்திருந்தவரிடம் ஒரு சொத்து இருந்தது. இன்றைய கைபேசிக்கு வெள்ளிக்கிழமை முன்பதிவு தொடங்கினால் அடுத்த வெள்ளி கடையில் அடுக்கியிருக்கிறது. ஏழு நாள் தட்டுப்பாட்டை வைத்துச் சொத்துச் சேர்த்த குடும்பம் கொங்கு நாட்டில் இல்லை.

சேமிப்பு விகிதத்தில் எட்டப்பட்ட உச்சத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2016 பிப்ரவரி 18 அன்று நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக முன்பதிவைத் திறந்தது. அனுப்பும் செலவு 40 சேர்த்து 291. கூட்டம் தாங்காமல் இணையதளம் படுத்துவிட்டது. பதிவு செய்ய முடியாமல் போனவர்கள் அன்று தலைக்கு 291 ரூபாய் சேமித்தார்கள். மறு ஆண்டு அந்நிறுவனத்தை நடத்தியவர், விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த மோசடிப் புகாரில் கைதானார். ஆயினும் தொகையளவில் பெரிய சேமிப்பு அதே 2016இல் சாம்சங் நோட் 7 வழியாக நேர்ந்தது. இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு ஆகஸ்ட் 22 அன்று முன்பதிவு தொடங்கியது. பேட்டரி தீப்பிடிக்கிறது என்று செப்டம்பர் 2இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இங்கே அது விற்பனைக்கு வரவே இல்லை. பதிந்தவர்களுக்கு அந்தப் போன் வகையில் 59,900 ரூபாய் முழுதாக மிஞ்சியது; வீடும் மிஞ்சியது. நூற்றுக்கு நூறு தள்ளுபடி என்று துணிந்து சொல்லத்தக்க முன்பதிவு வரலாற்றில் இதுவொன்றுதான்.

வேற்று மாவட்டச் சான்றுக்குக் கிருஷ்ணகிரியின் போச்சம்பள்ளி. அங்கே ஆலை கட்டிய ஓலா, மின் ஸ்கூட்டருக்கு 2021 ஜூலையில் 499 ரூபாய் பதிவுத் தொகை கேட்டது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் விலை 25,000 ரூபாய் வரை குறைந்தது. நடுவில், 2023இல், சார்ஜருக்கென்று தனியாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. முந்திக்கொண்டவருக்கு இவ்வாறு சார்ஜரும் காசும் வந்தன. பிந்தியவருக்கு வண்டியே மலிவாக வந்தது. இதில் மிச்சம் பிடித்தவர் யார் என்று பெஞ்சில் தொடங்கிய விவாதம் இரண்டாம் டீ வரை முடியவில்லை.

ஆர்டர் ஒழுக்கமும் ஆசை ஒழுக்கமும்

ஆர்டர் என்றால் என்ன என்று அருள்புரத்தில் பள்ளிக்கூடப் பையனும் சொல்வான். முதலில் சாம்பிள். வெளிநாட்டுப் பையர் அதை இழுப்பார், துவைப்பார், கழுத்துப்பட்டியில் கால் அங்குலம் கூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். நிறத்துக்கு லேப் டிப் என்ற சாயத் துணித்துண்டு தனியாகப் போகும். 'இன்னும் கொஞ்சம் நீலம்' என்று பதில் வரும். துணியை ஜி.எஸ்.எம். கட்டரில் வட்டமாக வெட்டி எடை பார்ப்பார்கள். அப்ரூவல் வந்த பிறகே கட்டிங் மேசையில் துணி விரியும். எல்லாம் தைத்துப் பெட்டி கட்டியபின் இன்ஸ்பெக்‌ஷன். ஏ.க்யூ.எல். 2.5 என்ற கணக்கில், 1,201 முதல் 3,200 வரை உருப்படி உள்ள லாட்டில் 125ஐ உருவிப் பார்ப்பார்கள். ஏழு பழுது வரை மன்னிப்பு. எட்டாவது தென்பட்டால் மொத்த லாட்டும் திரும்பும். சரக்கு தாமதமானால் பையர் விலையைக் குறைப்பார், அல்லது தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டியதை உங்கள் செலவில் விமானத்தில் ஏற்றச் சொல்வார். பணமோ சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்து. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, தைத்து முடித்த சரக்குக்கே சில பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள் என்பதையும் இந்த ஊர் அறியும்.

ஆக, காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டும் இந்த ஒழுக்கத்தின் அடியில் உழைத்த ஒருவர், ஒன்பது மணிக்கு லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாமே பையராகிறார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைக்கும் அரிய பதவி அது. என்ன செய்கிறார்? சாம்பிள் கேட்பதில்லை, சாம்பிளை இலவசமாக வாங்கிய யாரோ ஒருவர் பெட்டியைப் பிரிக்கும் காணொளியைப் பார்க்கிறார். அப்ரூவல் அவருடையதல்ல. பணம் முன்கூட்டியே போகிறது. சரக்கு தாமதமானால் 'வருந்துகிறோம்' என்று ஒரு செய்தி வரும். அதற்கு அவர் கைகூப்பும் பொம்மையைப் பதிலாக அனுப்புகிறார். வாழ்நாள் முழுக்கப் பையரின் கொடுமையைக் கண்ட மனிதர், தமக்கு முறை வந்தபோது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டுவதில்லை.

செக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருக்கும் ஓர் அக்காவிடம் இது பற்றி வினவப்பட்டது.

"ஏனுங்க்கா, ஒரு தையல் விட்டிருந்தாலே பீசைத் தூக்கி எறியறீங்க. போனை மட்டும் பார்க்காமயே எப்படிங்க வாங்கறீங்க?"

"அது சரக்குங்க. இது ஆசைங்க."

ஆசைக்கு ஏ.க்யூ.எல். கிடையாது என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் முடிவு. ஆனால் அக்காவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஐரோப்பியப் பையரிடம் இருக்கும் அதே சாட்டையின் சிறு நுனி நம் கையிலும் இருக்கிறது. அதைச் சொடுக்கிப் பார்த்தவர் எவரும் பெஞ்சில் அகப்படவில்லை. பதிவு செய்யும்போது காட்டிய டெலிவரி தேதியைத் திரையில் படம் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தவர்களும் குறைவே. கம்பெனியில் இதே ஆட்கள் ஒரு மின்னஞ்சல் பிரதி இல்லாமல் பட்டன் மாற்ற மாட்டார்கள்.

மிச்சக் கணக்கு

பெஞ்சில் கிடைத்த சான்றுகளில் சிறந்தது ஒரு பவர் டேபிள் டைலர் அண்ணனுடையது. குறிப்பிட்ட வங்கிகளின் கார்டுக்கு 5,000 ரூபாய் கழிவு என்று விளம்பரம். அந்தக் கார்டு அவரிடம் இல்லை. கம்பெனி அக்கவுண்டன்டிடம் இருந்தது. முன்பணத்துக்கு ஏலச்சீட்டை மூன்றாம் மாதமே எடுத்தார். சீட்டை முந்தி எடுப்பவருக்குத் தள்ளு அதிகம் என்பது சிறுபிள்ளையும் அறிந்தது. ஆக 5,000 ரூபாய்க் கழிவைப் பிடிக்கத் தள்ளில் ஒரு தொகை போயிற்று. கார்டில் சேர்ந்த ரிவார்டு பாயின்ட் அக்கவுண்டன்டுக்குப் போயிற்று. அக்கவுண்டன்ட் அந்தப் பாயின்ட்டில் மிக்சி வாங்கினார். இந்தப் பரிவர்த்தனையில் ஐயமின்றி மிச்சம் பிடித்தவர் அந்த அக்கவுண்டன்டின் மனைவி.

வட்டியில்லாத் தவணை பற்றி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது: வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று. இப்போது அது விலைக் கழிவாக முதலில் வந்து, வட்டியாகப் பின்வாசலில் வெளியேறுகிறது. போகும்போது வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. செயலாக்கக் கட்டணம் தனி. வவுச்சர் நீண்ட ஆராய்ச்சிக்கு உரியதல்ல. அதே கடையில்தான் செல்லும். ஐயாயிரத்துக்கு வவுச்சர் வந்தால் அதைத் தீர்க்கக் கையிலிருந்து நாலாயிரம் போட்டு, வேண்டாத கைக்கடிகாரம் ஒன்று வீட்டுக்கு வரும்.

ஜாப் ஒர்க் முதலாளிகள் இவ்விஷயத்தில் மேலானவர்கள். அவர்கள் கம்பெனி பெயரில் ஜி.எஸ்.டி. பில் போடுகிறார்கள். 79,900 ரூபாயில் 18 சதவீத வரியாக அடங்கியிருப்பது சுமார் 12,188. தொழிலுக்கு வாங்கியது என்றால் அதை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்கலாம். எந்த வங்கி ஆஃபரும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கல்லூரியில் படிக்கும் மகன் கையில் இருக்கும் கைபேசி தொழிலுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்ற வினாவுக்கு, "அவன்தாங்க எங்க மெர்ச்சண்டைசிங்" என்று ஒரு முதலாளி விடையளித்தார். அது தணிக்கைத் துறைக்குரிய வினா என்பதால் இவ்வாய்வாளன் மேலே கேட்கவில்லை.

பத்தாயிரம் ரூபாய் விதி

ஐபோன் 13, 14, 15, 16 ஆகிய நான்கும் இந்தியாவில் 79,900 ரூபாய்க்கு வெளிவந்தன. நான்கும் மறு ஆண்டு செப்டம்பரில், அடுத்தது வந்த அன்று, 69,900க்கு இறங்கின. பருவமழை தவறியிருக்கிறது, இது தவறவில்லை. 2025இல் வந்த 17ஆம் எண் 82,900இல் தொடங்கி ஆய்வாளனின் வாய்பாட்டைச் சற்றுக் கெடுத்தது என்றாலும் விதியின் உயிர் போகவில்லை. பத்தாயிரத்தை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 27 ரூபாய். அதுவும் கம்பெனி விலைக்குத்தான். 2025 பண்டிகைக் கால விற்பனையில் அந்த 16ஆம் எண்ணுக்கு 51,999 என்று விளம்பரம் வந்தது. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 76 ரூபாய்.

இந்த 76 ரூபாய் எதற்கான விலை? கைபேசிக்கு அல்ல, அது முந்தியவரிடமும் காத்திருந்தவரிடமும் ஒன்றே, ஸ்ரீபெரும்புதூரில் பூட்டியதாகக்கூட இருக்கலாம். முதலில் வாங்கியவர் என்ற பெயருக்கு அது வாடகை. அந்தப் பெயரின் ஆயுளைக் களத்தில் அளக்க முடிந்தது. முதல் சனிக்கிழமை பெஞ்சில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை "கேமரா எப்படீங்ண்ணா?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். மூன்றாவது சனிக்கிழமை அது வெறும் போன். வாடகை மட்டும் மீதி நாற்பத்தொன்பது வாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2007 ஜூன் மாதக் கடைசியில் 599 டாலருக்கு வந்த முதல் ஐபோன், செப்டம்பர் முதல் வாரத்திலேயே 399 ஆனது. முந்தியவர்கள் கூச்சல் போட்டதால் ஆளுக்கு 100 டாலர் கடைக்கணக்கில் திரும்பியது. திருப்பூர்ப் பையராக இருந்திருந்தால் 200ஐயும் டெபிட் நோட்டாகப் போட்டிருப்பார்.

வியப்பு என்னவென்றால், காத்திருந்து வாங்குவதில் இந்த ஊருக்குக் குரு தேவையில்லை. வெளிநாட்டுக் கடையில் டாலரில் தொங்க வேண்டிய டி-சர்ட், ஆர்டர் மிஞ்சியோ சிறு பழுதாலோ திருப்பூர்க் காதர்பேட்டைச் சந்தைக்கு வரும் வரை பொறுத்து, பேரம் பேசி, பழுதையும் காட்டி இன்னும் பத்து ரூபாய் குறைத்து வாங்குபவர்கள் இவர்கள். தாம் தைத்த சட்டையை முழுவிலைக்கு வாங்குபவரை இங்கே பைத்தியம் என்பார்கள்.

ஆய்வேடு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு அதே டீக்கடையில் நடைபெற்றது. புறத் தேர்வாளர், டீ மாஸ்டர். விதியையும் வகுத்தலையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே வினா எழுப்பினார்.

"எல்லாம் சரிங்க. யாருமே முதல்ல வாங்காம விட்டா, அடுத்த வருசம் பத்தாயிரம் எப்படீங்க குறையும்?"

இவ்வினா ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பதில் அளிக்கப்பட்டது. பெஞ்சின் கடைசியில் இருந்த டைலர் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "அதுக்குத்தானுங்க நானிருக்கேன்" என்றார். அவர் டீக்கான காசை இவ்வாய்வாளன் கொடுத்தான்.